கண்ணாடி ஏற்றிய கார்

நாங்கள் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பகல் பதினொன்றரை மணி. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. இருட்டில்தான் இதெல்லாம் நடக்கும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பார்த்தது அத்தனையும் பட்டப்பகலில்.

கேட்டைத் திறந்துவிட்ட பெண்ணுக்கு ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைவான வயது. விரல்களில் சிவப்பு மை. பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவர். டீச்சர் என்று கூப்பிட்டோம். அதுதான் தன் பெயர் என்பதுபோலத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்கதான் ஏசி மெக்கானிக்கா?"

"ஆமா டீச்சர். கூலிங்னு கூப்பிடுவாங்க. இவன் எலக்ட்ரீஷியன்."

"இவரை என்னன்னு கூப்பிடுவாங்க?"

"ஃபியூஸ்," என்றான் அவனே முந்திக்கொண்டு. "எங்க என்ன கோளாறுன்னாலும் முதல்ல எரியறது நான்தானாம்."

டீச்சர் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து, அதற்கான நேரம் நின்று, பிறகு எங்களை அழைத்துக்கொண்டு நடந்தார்.

வீட்டின் பக்கவாட்டில் தகரக் கூரை போட்ட ஷெட். தார்ப்பாயை இழுத்ததும் எலி மூத்திரமும் பழைய ரப்பரும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. அடியில் வெளிர் பச்சைக் கார். நீண்ட மூக்கு, நாலு கதவு, பின்கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையில் இரண்டு வட்டமான காற்று வாய்கள். அந்தக் காலத்து ஏசி அப்படித்தான். கூலிங் பெட்டி டிக்கிக்குள் இருக்கும். குளிர்ந்த காற்று பின்சீட்டில் இருப்பவர் தலைக்குப் பின்னால் இருந்து வரும்.

ஷெட்டைப் பார்த்த ஜன்னலில் ஒரு வயதான பெண்மணி உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்க்கவில்லை. காரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க அம்மா," என்றார் டீச்சர். "அவங்களைக் கண்டுக்காதீங்க. எனக்கு ரெண்டு வேலை ஆகணும். இந்த ஏசி கார் கம்பெனியிலிருந்தே வந்ததா, பிற்பாடு மாட்டினதான்னு கண்டுபிடிச்சுச் சொல்லணும். அப்புறம், அது ஓடணும்."

"ஓட வைக்கத்தான் எல்லாரும் கூப்பிடுவாங்க. மத்தது எதுக்கு டீச்சர்?"

அவர் சொன்னார். வருகைப் பதிவேடு வாசிக்கிற குரலில்.

"நாப்பத்தொரு வருஷம் முன்னாடி. எனக்கு ஏழு வயசு. தம்பிக்கு மூணு. நான் விழுந்து தாடையைக் கிழிச்சுக்கிட்டேன். அம்மா என்னை முன்சீட்ல உக்கார வச்சு இந்தக் கார்ல ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டுப் போனாங்க. பின்சீட்ல தம்பி தூங்கிட்டான். எழுப்பினா அழுவான்னு, எஞ்சினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு, கண்ணாடியை ஏத்திட்டு, என்னை மட்டும் தூக்கிட்டு உள்ள போனாங்க. தையல் போட ஒரு மணி நேரம் ஆயிடுச்சு."

ஜன்னல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"திரும்பி வந்தப்பவும் எஞ்சின் ஓடிட்டுத்தான் இருந்துச்சு."

ஃபியூஸ் கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரை மெதுவாகக் கீழே வைத்தான்.

"ஏசி போட்டுட்டுத்தான் போனேன், ஜில்லுன்னு காத்து வந்துச்சுன்னு அம்மா சொன்னாங்க. அப்பா ஒத்துக்கல. இந்தக் கார்ல அப்ப ஏசியே இல்ல, வெறும் ஃபேன்தான், பையன் போனப்புறம் மனசு கேக்காம நான்தான் மாட்டினேன்னார். கார் விஷயத்துல பொம்பளை பேச்சை யாரு கேப்பாங்க. பெத்த புள்ளையைச் சாகக் குடுத்துட்டுப் பொய் வேற சொல்றாள்னு பேராயிடுச்சு. அதோட அம்மா பேசறதையே விட்டுட்டாங்க. அப்பா போன வருஷம் தவறிட்டார். கடைசி வரைக்கும் அதையேதான் சொன்னார்."

"நீங்களும் கார்ல இருந்தீங்களே, டீச்சர்."

"அப்பா என்னைக் கேட்டார். 'காத்து ஜில்லுன்னா இருந்துச்சு பாப்பா'ன்னு. நான் இல்லேன்னேன்."

"நெஜமாவே இல்லையா?"

"அது ஞாபகம் இல்ல. இல்லேன்னு சொன்னது மட்டும்தான் ஞாபகம் இருக்கு."

தாடையில் இருந்த பழைய தழும்பை விரலால் ஒருமுறை தடவிக்கொண்டார்.

"அம்மாவுக்கு நினைவு தப்பிக்கிட்டே வருது. போன வாரம் என்னையே அடையாளம் தெரியல. அந்த மத்தியானமும் போறதுக்குள்ள, நீ சொன்னது சரிதாம்மான்னு யாராவது அவங்ககிட்ட சொல்லணும். சரியா இருந்தா."

மறுநாள் காலையிலேயே எனக்கு விடை தெரிந்துவிட்டது.

கம்பெனியில் முதலில் ஓட்டை போடுவார்கள், பிறகுதான் பெயிண்ட் அடிப்பார்கள். அதனால் ஓட்டையின் விளிம்பிலும் பெயிண்ட் ஏறியிருக்கும். பிற்பாடு ஒர்க்‌ஷாப்பில் ஓட்டை போட்டால் விளிம்பில் வெறும் இரும்பு தெரியும், துரு கட்டும். பின்பலகையைக் கழற்றி டார்ச் அடித்தேன். காற்று வாய்க்கான இரண்டு ஓட்டைகளின் விளிம்பிலும் அதே வெளிர் பச்சை. கம்ப்ரஸரைச் சுரண்டிப் பார்த்தால், அதில் அடித்திருந்த மாதம் கார் தயாரான மாதத்துக்கு முந்தியது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. கார் பிறந்தபோதே ஏசியோடு பிறந்தது.

அன்று மதியம் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த ஃபியூஸ் என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணே. இங்க ஒரு அட்டை தொங்குது."

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு பாகம் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்போம். கஸ்டமர் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பார். உடனே ஒரு அட்டையில் குறையையும் தேதியையும் எழுதி, கஸ்டமரிடம் கையெழுத்து வாங்கி, அந்தப் பாகத்திலேயே கம்பியால் கட்டிவிடுவோம். நாளைக்கு ஏதாவது ஆனால் எங்கள் தலை உருளக்கூடாது பாருங்கள்.

அந்த அட்டை ஒரு சுவிட்சில் கட்டியிருந்தது. எஞ்சின் அளவுக்கு மேல் சூடானால் கம்ப்ரஸரை நிறுத்துகிற கட்-அவுட் சுவிட்ச். மை பழுப்பாகியிருந்தாலும் எழுத்து தெளிவாக இருந்தது.

'வண்டி நின்றபடி ஓடினால் கூலிங் அணைகிறது. திரும்ப வருவதில்லை. சூடான காற்று மட்டும் வரும். மாற்றவும்.'

கீழே தேதி. அதற்கும் கீழே ஒரு கையெழுத்து.

ஃபியூஸ் விரல்விட்டு எண்ணினான். "நாப்பத்தொரு வருஷம் ஆகுதுண்ணே." பிறகு குரலைத் தாழ்த்தினான். "அந்தப் புருஷனுக்குத் தெரிஞ்சிருக்கு."

தெரிந்திருக்கிறது. மனைவியிடம் சொல்லவில்லை. அந்தம்மா காரை நிறுத்திப் போனபோது ஜில்லென்றுதான் காற்று வந்திருக்கும். பிறகு எப்போதோ கம்ப்ரஸர் நின்றிருக்கும். ஃபேன் நிற்காது. டிக்கிக்குள் வெந்துகொண்டிருந்த காற்றை உறிஞ்சி, தூங்குகிற பிள்ளையின் தலைமேல் ஊதிக்கொண்டே இருந்திருக்கும்.

"டீச்சருக்குப் போன் போடவாண்ணே?"

"ஓட்டிக் காட்டாம எதையும் சொல்லக்கூடாது," என்றேன். "ஓடட்டும். மொத்தமா சொல்லிக்கலாம்."

இருபத்தாறு வருடமாக அப்படித்தான் வேலை செய்கிறேன். இதிலும் அப்படியே செய்தேன். தப்பு அங்கேதான்.

ஆறு நாள் வேலை. ஹோஸ், கதவு ரப்பர், ஈரத்தை உறிஞ்சுகிற டிரையர் எல்லாம் புதிது. கட்-அவுட் சுவிட்சும் புதிது. கூலிங் பெட்டியின் தகட்டு இடுக்குகளைக் கழுவினோம். ஒரு பகல் முழுக்க வேக்குவம் பம்ப் போட்டு உள்ளே இருந்த காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்தோம். கேஜ் முள் அசையவில்லை. எங்கும் லீக் இல்லை. கேஸ் ஏற்றினேன்.

ஏழாம் நாள் பிற்பகல் இரண்டு மணி. டீச்சர் பள்ளிக்கூடத்தில் இருந்தார். காரை வெளியே வெயிலில் தள்ளி நிறுத்தினோம். கடைசி டெஸ்ட் எப்போதும் ஒரே மாதிரிதான். ஆள் இல்லாமல் எஞ்சினை ஓடவிட வேண்டும். ஏசியை முழுசாக வைக்க வேண்டும். கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு, ஒரு மணி நேரம் வெயிலில் விட்டுவிட வேண்டும்.

எழுதும்போது தெரிகிறது. அப்போது உறைக்கவே இல்லை.

முன்சீட்டில் ஒரு தெர்மாமீட்டரைக் கண்ணாடி வழியாகத் தெரியும்படி மாட்டினேன். பத்து நிமிடத்தில் முப்பது டிகிரி. இருபதில் இருபத்தாறு. அதற்குமேல் இறங்கவில்லை. டிக்கியைத் திறந்து கூலிங் பெட்டியின் குழாயைத் தொட்டால் பல் கிட்டுகிற குளிர். ஆனால் உள்ளே இருபத்தாறிலேயே நிற்கிறது.

"கேஸ் பத்தலையோ?" என்றான் ஃபியூஸ்.

"கேஸ் சரியாத்தான் இருக்கு. இது வேற." எத்தனையோ கார்களில் இதைப் பார்த்திருக்கிறேன். மனித உடம்பு ஒரு சின்ன அடுப்பு மாதிரி. உள்ளே ஆள் இருந்தால் முள் இப்படித்தான் தயங்கும்.

டிக்கிக்கு அடியில் தண்ணீர் சொட்டியது. ஏசி ஓடினால் சொட்டும்தான். ஆனால் சின்னக் குட்டையாகத் தேங்கும் அளவுக்குச் சொட்டியது. காருக்கடியில் தண்ணீரைக் கண்டால் விரலால் தொட்டு நுனிநாக்கில் வைப்பது எங்கள் வழக்கம். இனித்தால் ரேடியேட்டர் தண்ணீர். சப்பென்று இருந்தால் ஏசித் தண்ணீர்.

குனிந்து தொட்டு வைத்தேன்.

உப்புக் கரித்தது.

இன்னொரு தடவை தொட்டேன். உப்புதான். ஃபியூஸிடம் சொல்லவில்லை. அவனும் தொட்டு நாக்கில் வைத்தான். என்னைப் பார்த்தான்.

நாற்பத்து மூன்றாவது நிமிடம்.

டக்.

கம்ப்ரஸர் நின்றது. புது சுவிட்ச். எஞ்சின் சூட்டைப் பார்த்தேன். முள் பாதியில் இருந்தது. நிற்க வேண்டிய காரணமே இல்லை. ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே." ஃபியூஸ் கையை நீட்டிக் காட்டினான். "பின்கதவைப் பாருங்க."

பின்கதவுக் கண்ணாடியின் உள்பக்கம், அடியில், ஒரு சாசர் அளவுக்கு ஆவி படிந்திருந்தது. நெருப்பாய்க் காய்கிற கண்ணாடி அது. அதில் ஆவி படியாது.

படிந்தது. மறைந்தது. படிந்தது.

மூச்சு.

முதலில் நிதானமாக. பிறகு சீக்கிரம் சீக்கிரமாக. ஆவி வட்டம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சின்னதானது.

பயமா என்று கேட்டால் தெரியாது. ஊசி போட்டபின் பல் டாக்டர் நாற்காலியில் இருப்பதுபோல் இருந்தது. என்னவோ நடக்கிறது, எனக்கு நடக்கவில்லை.

தட், தட் என்று சத்தம் கேட்டது. காரிலிருந்து அல்ல. வீட்டு ஜன்னலில் அம்மா எழுந்து நின்று, மூடியிருந்த கண்ணாடியை உள்ளங்கையால் அடித்துக்கொண்டிருந்தார். வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை. ஆனால் என்ன சொல்கிறார் என்று தெரிந்தது.

கதவைத் திற.

ஓடிப்போய் இழுத்தேன். கதவு வரவில்லை. யாரோ பிடித்திருந்தார்கள் என்று சொல்லமாட்டேன். வெயிலில் புது ரப்பர் ஒட்டிக்கொள்ளும். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்ததும் பிய்த்துக்கொண்டு திறந்தது. சூளையைத் திறந்தாற்போல் முகத்தில் அனல் அடித்தது.

பின்சீட்டில் யாருமில்லை. நடுவில் மட்டும் துணி ஈரமாக இருந்தது. ஒரு சின்ன உடம்பு சுருண்டு படுத்துக்கொள்ளும் அளவுக்கு.

ஃபியூஸ் சாவியைத் திருகி எஞ்சினை நிறுத்தினான். தரையில் உட்கார்ந்தான். சக்கரத்தில் சாய்ந்துகொண்டு சொன்னான்: "நாம என்ன பண்ணினோம்னு தெரியுதாண்ணே? அந்தப் புள்ளையை மறுபடியும் உள்ள வச்சுப் பூட்டியிருக்கோம்."

டீச்சர் நாலரை மணிக்கு வந்தார். ஈரத்தைப் பற்றிச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? பெயிண்ட் விளிம்பைக் காட்டினேன். கம்ப்ரஸரில் இருந்த மாதத்தைக் காட்டினேன். பிறகு அட்டையை அவர் கையில் கொடுத்தேன்.

விடைத்தாள் பார்ப்பதுபோல் மேலிருந்து கீழாகப் படித்தார். கையெழுத்தில் வந்து நின்றார்.

"என் ரேங்க் கார்டு எல்லாத்துலயும் இதே கையெழுத்துதான் இருக்கும்," என்றார். "இந்தத் தேதிக்கு மூணு வாரம் கழிச்சுத்தான் தம்பி போனான்."

அழுவார் என்று நினைத்தேன். அட்டையை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது அம்மாவின் தோளைப் பிடித்து அழைத்துவந்தார்.

"ஏசியைப் போடுங்க, மெக்கானிக் சார்."

"வேணாம் டீச்சர். இன்னைக்கு வேணாம்."

"போடுங்க."

போட்டேன். முன்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கைப்பிடியை விடாமல் நின்றேன். அம்மா யார் உதவியும் இல்லாமல் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நடுவில் உட்காரவில்லை. ஓரமாக ஒதுங்கி, இடம் விட்டு உட்கார்ந்தார். டீச்சர் முன்சீட்டில், ஏழு வயதில் உட்கார்ந்த அதே இடத்தில்.

காற்று வந்தது. அந்தக் குளிர் எனக்கே மூக்கைக் குத்தியது.

டீச்சர் மெல்லக் கைகளைக் கட்டிக்கொண்டார். பிறகு தன்னையறியாமல் புடவைத் தலைப்பை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டார். மூடிய கையைப் பார்த்தபடியே இருந்தார்.

"அன்னிக்கும் இப்படித்தான் கவுனை இழுத்து மூடிக்கிட்டேன்," என்றார். "கால் குளிர்ந்துச்சு."

திரும்பி அம்மாவைப் பார்த்தார்.

"அம்மா. ஜில்லுன்னுதாம்மா இருந்துச்சு. அப்பா இல்லேன்னு தலையாட்டிக்கிட்டேதான் கேட்டாரு. அதைப் பாத்து நானும் இல்லேன்னுட்டேன். நீ பொய் சொல்லல. நான்தான் சொன்னேன்."

அம்மா மகளைப் பார்க்கவில்லை. பக்கத்தில், தான் விட்டுவைத்த இடத்தைக் குனிந்து பார்த்தார். பேச்சை விட்டவர் என்றார்களே, குரல் கரகரப்பே இல்லாமல் வந்தது.

"கேட்டியாடா? அக்கா சொல்லிட்டா. வா, இறங்கு."

கதவைத் திறந்து, தான் இறங்கி, ஓரமாக நின்றுகொண்டார். சின்னக் கால்கள் சீட்டின் விளிம்புக்கு வந்து, தரைக்கு எட்டாமல் தொங்கி, குதிக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் கதவைப் பிடித்திருந்தார்.

காரின் பின்பக்கம் ஒரு விரற்கடை உயர்ந்தது.

ஸ்பிரிங் மேலே ஏறிய சத்தத்தை நானும் கேட்டேன், ஃபியூஸும் கேட்டான். அவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

அம்மா கதவைச் சாத்திவிட்டு வீட்டை நோக்கி நடந்தார். சின்ன அடிகளாக. வலதுகையை மட்டும் உடம்பிலிருந்து சற்று விலக்கி, கீழே தொங்கவிட்டபடி. வாசற்படி வந்ததும் நின்று, காத்திருந்து, பிறகு ஏறினார்.

டீச்சர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தெர்மாமீட்டர் சரசரவென்று இறங்கி இருபதுக்கு வந்திருந்தது. காலியான காரில் இறங்குகிற மாதிரி.

இரண்டரை மாதம் கழித்து ஒரு மத்தியானம் டீச்சர் போன் செய்தார். அம்மா தவறிவிட்டாராம், பத்து நாள் ஆகிறதாம். தூக்கத்திலேயே. முகம் நிம்மதியாக இருந்ததாம்.

"நீங்க செஞ்ச உபகாரம்," என்றார். "கடைசி வரைக்கும் பேசிட்டிருந்தாங்க. என்கிட்ட இல்ல. ஆனா பேசிட்டிருந்தாங்க."

"நீங்க நல்லா இருக்கீங்களா டீச்சர்?" என்று கேட்டுவைத்தேன்.

"இருக்கேன். வலதுகைதான் மரத்துப் போயிருக்கு. விரல்லேருந்து மணிக்கட்டு வரைக்கும். சாக்பீஸ் பிடிக்க முடியல. ஐஸ்ல வச்ச மாதிரி சில்லுன்னு இருக்கு. டாக்டர் நரம்புல ஒண்ணும் இல்லேன்னுட்டார்."

"எப்பலேருந்து?"

"அம்மாவை எடுத்துட்டுப் போன அன்னிலேருந்து."

போனில் அவர் மூச்சு கேட்டது. அதற்குப் பின்னால் இன்னொன்று, சின்னதாக.

"விட்டுடச் சொல்லிப் பாருங்களேன், டீச்சர்," என்றேன். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"சொன்னேன்," என்றார், அதே பதிவேடு வாசிக்கிற குரலில். "மாட்டானாம். அக்கா கையை விட்டுடாதேன்னு அம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்களாம்."